டிக்டாக்கில் போட்டுக் காசு திரட்டலாமா? யார் கணக்கில் வாங்குவது?

பட்டறைக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

வணக்கம். லிந்தாங் சாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பிரித்து மாட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இந்த விஷயம் எனக்குப் புதுசு. அதனால் கேட்கிறேன்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூன்று வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். வயது 52. சொந்த மாமா இல்லை, ஒரே தோட்டத்துக்காரர். தோட்டம் கைமாறி லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனோம். அதில் பத்துப் பதினைந்து குடும்பம் இந்தத் தாமானில் வந்து சேர்ந்தது. மாமாவுக்குச் செம்பனைக் குலை வெட்டுகிற வேலை. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டும். இனிப்பு நீர் இருந்தது. மாத்திரையை ஒரு நாள் போடுவார், மூன்று நாள் மறப்பார். பூட்ஸைத் தாண்டி ஒரு செம்பனை முள் குத்தியிருக்கிறது. கால் மரத்துப் போயிருந்ததால் இரண்டு நாள் வரைக்கும் அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் ஆகிறது.

அத்தை ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவப் போகிறார். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் படிக்கிறார்கள். வீட்டில் குந்துகிற கழிவறை. ஒற்றைக் காலோடு அங்கே போய்வர மாமா படுகிற பாட்டை நான் இங்கே எழுத முடியாது.

எங்கள் பழைய தோட்டப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, 140 பேர். மற்ற நாளில் தீபாவளி வாழ்த்தும், இறந்தவர் படமும், நாலு நம்பர் ரிசல்ட்டும்தான் வரும். இந்த முறை எல்லாரும் சேர்ந்து பேசினோம். செயற்கைக் கால், கழிவறை, வாசலில் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு, எல்லாம் சேர்த்து 8,000 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறோம். கால் என்ன விலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவர் ஐயாயிரம் என்றார், அதையே எழுதிக்கொண்டோம்.

இப்போது நான் கேட்பது:

என்னுடைய டியூட்நவ் கியூஆரை, அதாவது போனில் ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்புகிற கட்டத்தை, போடச் சொல்கிறார்கள். அது பட்டறைக் கணக்கு. பிரேக் பேட் மாற்றினவர் அனுப்புகிற காசும் அதில்தான் விழும். என் மனைவி, "அந்தக் கியூஆரைப் போட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்" என்கிறாள்.

குழுவில் ஒரு தம்பி டிக்டாக் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்கிறான். கட்டுப் போட்ட காலைக் காட்டி, பிள்ளைகள் அழுகிற மாதிரி, பின்னால் சோகமாக இசை வைத்து. மாமாவிடம் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைச் சரி என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதா?

என் பெரியப்பா, போலீஸ் பெர்மிட் இல்லாமல் வசூல் பண்ணினால் பிடித்துப் போய்விடுவார்கள் என்கிறார். உண்மையா?

செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போஸ்டரில் எந்தக் கலர் போடுவது என்பது போன்ற யோசனை வேண்டாம், அது குழுவிலேயே நூறு வந்துவிட்டது.


பாசார் மாலாம் பையன்:

அண்ணே, வீடியோ போடுங்கள். படம் இல்லாத போஸ்ட்டை யாரும் நின்று படிக்க மாட்டார்கள், கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ராத்திரிச் சந்தையில் அப்பம் பாலிக் விற்கிறவன், கடை வீடியோ போட்டுப் போட்டு எனக்குத் தெரியும். முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடிக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் பசங்கள் அப்போதுதான் ரூமுக்கு வந்து போனை எடுப்பார்கள், அவர்களிடம் கை தாராளம். மாமா முகம் தெரிந்தால் நல்லது. முகம் இல்லாவிட்டால் ஸ்கேமர் என்பார்கள்.

பெர்மிட் விஷயத்தில் உங்கள் பெரியப்பா சொல்வது பாதி சரி. எங்கள் சந்தையில் இரண்டு பேர் டின் ஏந்திக்கொண்டு வந்தார்கள், போலீஸ்காரர் கடிதம் எங்கே என்று கேட்டார், இரண்டு பேரும் டின்னோடு பாலைக்கு (போலீஸ் நிலையத்துக்கு) போனார்கள்.


வார்டு ஏழு:

இருபத்தாறு வருடம் அரசாங்க மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஐந்து வாரத்தில் செயற்கைக் கால் போட முடியாது.

வெட்டின இடம் முழுசாக ஆற வேண்டும். பிறகு வீக்கம் வடிய வேண்டும், அதற்குத்தான் இறுக்கமாகத் துணி சுற்றச் சொல்லித் தருவார்கள். அந்த முனை ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் அச்சு எடுப்பார்கள். இனிப்பு நீர்க்காரருக்குப் புண் ஆற இன்னும் நாளாகும். மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முதல் வருடத்தில் அந்த முனை மெலிந்துகொண்டே போகும். முதலில் செய்த கால் லொடலொடவென்று ஆகிவிடும், கால் நுழைகிற அந்தக் குழியைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். ஒரே தடவை ஐயாயிரம் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்து வசூல் பண்ணாதீர்கள்.

அடுத்து, காசு கேட்பதற்கு முன்னால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு மூன்று இருக்கிறது. ஒன்று, அதே மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணித் துறை என்று ஓர் அலுவலகம் உண்டு, மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். நிறையப் பேருக்கு அது எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாது. சுகாதார அமைச்சின் தாபுங் பந்துவான் பெருபாத்தானுக்கு (மருத்துவ உதவி நிதிக்கு) விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் போகும். மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காத கருவிகளுக்கு அந்த நிதி உதவும்.

இரண்டு, சொக்சோ, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நோயால் வேலை செய்ய முடியாமல் போனாலும் இயலாமைப் பென்ஷன் இருக்கிறது. 60 வயதுக்குள் இருக்க வேண்டும். கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி. குறைவாக இருந்தால் வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். தகுதி கிடைத்தால் செயற்கைக் காலையும் மறுவாழ்வுச் சிகிச்சையையும் அவர்களே பார்ப்பார்கள். அதோடு வேலை நேரத்தில் தோட்டத்தில் முள் குத்தியது என்றால் அதுவே ஒரு வேலை விபத்தாக இருக்கலாம். எழுதிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

மூன்று, வெல்ஃபேரில் (சமூக நல இலாகாவில்) ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் உடல் இயலாமைக்கு எடுக்க வழி இருக்கிறது.

மாமா கன்ட்ராக்டரிடம் வேலை செய்தாரா, தோட்டத்தில் நேரடியாகவா? அதைச் சொல்லுங்கள். கன்ட்ராக்டர் என்றால் சந்தாவே கட்டாமல் விட்டிருப்பார்.


பட்டறைக்காரன்:

ஐயா, கன்ட்ராக்டர்தான். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்புவரை தோட்டத்தில் நேரடி வேலை. சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்கிறேன். இந்தத் துறை எந்த மாடியில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன், கண்ணில் பட்டதே இல்லை.


கிராணி மகள்:

தம்பி, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். நான் ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. நானும் சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா ஆபிஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவர். நம் ஊர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படாமல் இருக்கத் தொழிலாளியே பங்கு வாங்கட்டும் என்று ஊர் ஊராகப் போனபோது, எங்கள் தோட்டத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினவர்கள் பெயரை எழுதினவர் அப்பாதான். நான் பிறப்பதற்கு முந்தின கதை. ஆனால் அந்த ரசீதுக் கட்டை ஒரு மைலோ டின்னில் போட்டு, சாகிற வரைக்கும் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, சங்கத்தில் தனிக் கணக்கு உண்டு. யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்பார். யாரும் வரவில்லை. நான் சின்ன வயதில் சிரிப்பேன். பிறகு ஒரு நாள் என் கையில் காசு வந்தது.

2021 ஜூலை நினைவிருக்கும். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. வீட்டில் சாப்பாடு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்று இணையத்தில் ஆரம்பித்த நேரம். நாங்கள் இருந்த தாமானில் காலையில் இரண்டு கொடி, சாயந்தரம் ஒன்பது. ஒரு வீட்டில் பிள்ளையின் பள்ளிச் சட்டையைக் கொடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள், பாக்கெட்டில் பள்ளிச் சின்னம் தெரிந்தது. அந்தச் சட்டையை மட்டும் படம் எடுத்து, வீட்டு நம்பர் தெரியாமல், முகநூலில் போட்டேன். நாற்பது வீட்டுக்கு அரிசி, எண்ணெய், முட்டை, பால்மாவு. 6,000 வெள்ளி வேண்டும். இதுதான் என் கணக்கு நம்பர். சாயந்தரம் விளக்கு வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், 2,000 தாண்டிவிட்டது. ஒன்பதாம் நாள் 21,000.

எல்லாரும் காசு வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பார்கள். எனக்குக் காசு வந்ததுதான் வினை. முதல் நாலு நாள் நான் தூங்கவில்லை. போன் 'டிங்' என்றால் நெஞ்சு அடிக்கும். என் பென்ஷன் பணம், என் மகன் அனுப்பின பணம், ஊர்க்காசு, மூன்றும் ஒரே கணக்கில் கிடந்தது. பேங்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, இத்தனை பேர் ஏன் உங்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது.

அந்த மாதம்தான் என் சமையலறைக் கூரை ஒழுகி, மாற்றினேன். என் இபிஎஃப் காசு. ஏப்ரலிலேயே பேசி வைத்த வேலை, ஆள் வந்தது அப்போதுதான். புது ஜிங்க் வெயிலில் பளபளவென்று தெருமுனை வரை தெரிந்தது. அவ்வளவுதான். "வெள்ளைக் கொடிக் காசில் கூரை போட்டுவிட்டார் கிராணி மகள்" என்று பேச்சு. சொன்னவர்களில் இரண்டு பேர் என் கையால் அரிசி வாங்கினவர்கள். அழுதேன், மறைக்கவில்லை.

அப்போதுதான் மைலோ டின் நினைவுக்கு வந்தது. கடையில் ஒரு 555 நோட்டு வாங்கினேன். முன்பெல்லாம் மளிகைக் கடையில் நம் கடனை எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு. உட்கார்ந்து ஒவ்வொரு வரவையும் எழுதினேன்: தேதி, தொகை, அனுப்பினவர் பெயரின் முதல் எழுத்து மட்டும். செலவுப் பக்கத்தில் கடை ரசீது நம்பர். மூன்று நோட்டு ஆனது. பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் என் சொந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, தாமான் முனையில் இருக்கிற மளிகைக் கடைச் சுவரில் ஒட்டினேன். முகநூலிலும் போட்டேன், ஆனால் பேசினவர்கள் முகநூல் பார்க்கிறவர்கள் இல்லை. கடைச் சுவர்தான் வேலை செய்தது. இரண்டு நாள் கூட்டமாக நின்று படித்தார்கள். ஒருவர், "முட்டை ஏன் அந்தக் கடையில் வாங்கினீர்கள், இங்கே ஒரு தட்டுக்கு எழுபது காசு குறைவு" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது தெரியுமா! கூரையை விட்டு முட்டைக்கு வந்துவிட்டார்கள்.

மிச்சக் காசு இன்னொரு சண்டை. 6,000 கேட்ட இடத்தில் 21,000. கோயிலுக்குக் கொடு என்றார் ஒருவர், பள்ளிக்குக் கம்ப்யூட்டர் என்றார் இன்னொருவர். சோற்றுக்கு என்று கேட்ட காசு அது. பக்கத்துத் தாமான் இரண்டில் மளிகை வாங்கிக் கொடுத்தே தீர்த்தேன், நவம்பர் வரைக்கும் இழுத்தது. அதனால் இப்போதே போஸ்டரில் எழுதிவிடுங்கள்: இவ்வளவு வந்ததும் நிறுத்திவிடுவோம், மிஞ்சினால் இதற்குத்தான் போகும். வார்டு ஏழு ஐயா சொன்ன அந்த இரண்டாவது குழிக்கு என்று எழுதலாம். தொகை சேர்ந்த அன்றைக்கே போஸ்டர் மேல் "முடிந்தது" என்று பெரிதாக அடித்து, பழைய போஸ்டர் போன இடத்துக்கெல்லாம் திரும்ப அனுப்புங்கள்.

ஏனென்றால் என் போஸ்டர் அடுத்த வருடம் திரும்பி வந்தது. அதே பள்ளிச் சட்டைப் படம், அதே என் எழுத்து, கணக்கு நம்பர் மட்டும் வேறு யாருடையதோ. எனக்கே ஒரு சொந்தக்காரர் ஃபார்வர்ட் பண்ணி, "நீயும் ஏதாவது கொடு" என்று எழுதியிருந்தார்! பாலையில் போய் ரிப்போர்ட் எழுதினேன். இப்போது போலீஸ் வணிகக் குற்றப் பிரிவின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், புகார் இருந்தால் காட்டும். மோசடியில் பணம் போய்விட்டால் 997-க்கு உடனே அழைக்க வேண்டும். உங்கள் போஸ்டரில் தேதி போடுங்கள், முடிகிற தேதியும் போடுங்கள். கியூஆரை ஸ்கேன் பண்ணினால் பெறுகிறவர் பெயர் திரையில் வரும், "இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்புங்கள்" என்று அந்தப் பெயரையும் எழுதிவிடுங்கள்.

யார் கணக்கு என்று கேட்டீர்கள். பதிவு பெற்ற சங்கம் ஏதாவது உங்கள் பள்ளி மாணவர்களுக்கு இருந்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத்தான் பணம் எடுக்க முடியும் என்று இருந்தால் அதுதான் சுத்தம். வெறும் வாட்ஸ்அப் குழு என்றால், இதற்கென்று புதுக் கணக்கு ஒன்று திறந்து, அதன் பேங்க் அட்டையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். யாராவது "என் கணக்கு சும்மாதான் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். இரவல் கணக்கில் பணம் வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்று செய்தித்தாளில் தினமும் வருகிறது. வரி விலக்கு ரசீது தருவோம் என்று எழுதிவிடாதீர்கள், வருமான வரிச் சட்டம் 44(6)-ஆம் பிரிவில் அனுமதி வாங்கிய அமைப்புகளுக்கு மட்டும்தான் அது.

எங்கே திறந்தாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். இருபது அனுப்புகிறவரை 20.07 அனுப்பச் சொல்லுங்கள். ஐம்பது என்றால் 50.07. ஸ்டேட்மென்ட்டில் ஏழு காசில் முடிகிற வரி எல்லாம் மாமா காசு. பாதி பேர் குறிப்பு எழுத மாட்டார்கள், எழுதினாலும் "உதவி" என்று மட்டும் எழுதுவார்கள், ஆனால் தொகையை எல்லாரும் தட்டித்தானே ஆக வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது நோட்டு எழுதும்போது நானாக யோசித்தது. அதற்குள் காசு வந்து முடிந்துவிட்டது.

பெர்மிட்: வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குப் போலீஸ் உரிமம் வேண்டும். ஆகவே டின்னைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். போனில் கேட்பது அந்தக் காலத்தில் ஏது? அதற்காகக் கை சுத்தம் என்று ஆகிவிடாது. பொய் சொல்லிக் காசு வாங்கினால் தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவு இருக்கிறது. ஐந்து வாரத்தில் கால் போட முடியாது என்று தெரிந்த பிறகும் "அவசரம், உடனே கால் வேண்டும்" என்று போஸ்டரில் போட்டால் அதை என்னவென்று சொல்வீர்கள்?

வீடியோவுக்கு வருகிறேன். அப்பம் பாலிக் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். வீடியோவை நீங்கள் அழிக்கலாம், வகுப்பில் இருக்கிற முப்பது பிள்ளைகளின் போனிலிருந்து எப்படி அழிப்பீர்கள்? மாமா சுவர்ப் பக்கம் திரும்பினாரே, அதுதான் பதில். நம் ஆண்கள் வேறு எப்படி வேண்டாம் என்று சொல்வார்கள்?


பாசார் மாலாம் பையன்:

கோபம் இல்லை அக்கா. ஏழு காசு விஷயத்தை என் கடைக்கு எடுத்துக்கொள்கிறேன், சிவராத்திரி அன்னதானக் காசும் அப்பம் காசும் போன வருடம் கலந்துபோய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் படம் ஏதாவது வேண்டும். நீங்களும் அந்தச் சட்டையைப் போட்டீர்களே. சட்டை இல்லாமல் எழுத்தை மட்டும் போட்டிருந்தால் 21,000 வந்திருக்காது.


கிராணி மகள்:

வந்திருக்காது. அது உண்மைதான். அந்தச் சட்டை யாருடையது என்று அந்தத் தெருவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை.


பட்டறைக்காரன் (பதினாறு நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வார்டு ஏழு ஐயா சொன்ன அலுவலகத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். எக்ஸ்ரே பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதன் முன்னால் நின்று நான் எத்தனையோ தடவை போனில் பேசியிருக்கிறேன். அங்கே இருந்த அம்மா ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார். சம்பளச் சீட்டு, மின்சாரக் கட்டண பில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் கொண்டுவரச் சொன்னார். அத்தை ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார், பத்து வருடச் சம்பளச் சீட்டு அடுக்கடுக்காக இருந்தது, ரப்பர் பேண்டு போட்டு. கிராணி மகள் அக்காவின் அப்பா நினைவுதான் எனக்கு வந்தது. தோட்டம் சொக்சோ கட்டியிருக்கிறது. கன்ட்ராக்டர் முதல் வருடம் கட்டிவிட்டு, பிறகு நிறுத்தியிருக்கிறார். தகுதி உண்டா இல்லையா என்று கணக்குப் பார்க்கிறார்கள், மனு கொடுத்தாகிவிட்டது. கால் விஷயம் அந்தப் பக்கம் நகர்கிறது.

அதனால் 8,000 தேவைப்படவில்லை. கழிவறையில் உட்காருகிற பீங்கான், சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி, வாசல் சரிவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆறு மாத பெட்ரோல் காசு. 2,300 வெள்ளி. சிமெண்டு வேலையைக் குழுவில் ஒருவர் கூலி வாங்காமல் செய்கிறேன் என்றார், அதனால் அதில் சாமான் விலை மட்டும்தான். குழுவில் இதைச் சொன்னபோது இரண்டு பேருக்கு வருத்தம், 8,000 என்றால் பெரிதாகச் செய்த மாதிரி இருக்குமாம். வீடியோத் தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

டிக்டாக் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலும், குழுவில் இருப்பவர்களின் முகநூலிலும் மட்டும். படம் என்ன போடுவது என்று மாமாவிடமே கேட்டேன். இந்தத் தடவை அவர் திரும்பிப் படுக்கவில்லை. கொல்லைப்புறத்தில் சாத்தி வைத்திருக்கிற கம்பையும் அரிவாளையும் எடு என்றார். சுவரில் சாய்த்து வைத்து எடுத்தேன். துரு ஏறியிருக்கிறதே, துடைத்துவிட்டு எடு என்றார். எண்ணெய் போட்டுத் துடைத்து இன்னொரு தடவை எடுத்தேன். முகம் இல்லை, கால் இல்லை. கீழே தொகை, தேதி, புதுக் கணக்கு நம்பர், பெயர். அட்டை என் மனைவியிடம் இருக்கிறது, அம்மா வீட்டுக்குப் போகிற பேச்சு நின்றுவிட்டது.

555 நோட்டு மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். நேற்று ராத்திரி போஸ்ட் போட்டோம், இன்று மத்தியானம் வரை 31 பேர், 1,164 வெள்ளி சொச்சம். பெரும்பாலும் ஏழு காசில்தான் முடிகிறது. ஒருவர் மட்டும் 7.00 அனுப்பியிருக்கிறார். ஏழு காசு என்று எழுதினதை ஏழு வெள்ளி என்று படித்துவிட்டார் போல. அதையும் எழுதி வைத்துவிட்டேன்.